முழங்கால் அளவு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாற்றிவிட்டான் என்று யாரும் சண்டைக்கு வரக் கூடாது. நான் கதை எழுத உட்காரவே இல்லை. ஊரில் புதுப் பாலம் திறக்கிறார்கள், தண்ணீர் இறைக்கும் நிலையம் திறக்கிறார்கள். அதற்கு ஒரு விழா, விழாவுக்கு ஒரு மலர். மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுச் செயலாளர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மனிதர் வந்தால் டீ குடிக்காமலும் போகமாட்டார், சம்மதம் வாங்காமலும் போகமாட்டார்.

"தலைப்பு நானே வெச்சுட்டேன், 'வெள்ளத்தை வென்ற ஊர்'. நீங்க உள்ள இருக்கறதை மட்டும் எழுதினாப் போதும்."

"உள்ள என்ன இருக்கணும்?"

"நல்லதா நாலு விஷயம். பாலம், வடிகால், பம்ப் ஸ்டேஷன், கரண்ட் பெட்டியெல்லாம் மேடை கட்டித் தூக்கி வெச்சது. முக்கியமா ஒண்ணு, அவ்வளவு பெரிய தண்ணியில நம்ம ஊர்ல ஒரு உயிர்கூடப் போகல. அதைக் கொட்டை எழுத்துல போட்டுடுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு, எழுதுவதற்கு ஏதாவது சிக்குமா என்று ஊரைச் சுற்றிவந்தேன். எல்லாச் சுவரிலும் வெள்ளம் விட்டுப்போன கோடு இருந்தது. சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்த பழுப்புக் கோடு. யாரும் அதை அழிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் அதன் மேல் தேதியே எழுதி வைத்திருந்தார், ஏதோ தானே தண்ணீரை அழைத்துவந்த மாதிரி. ஒரே ஒரு தெருவில் மட்டும் கோடு இல்லை. ஆற்றுப் பக்கமாக இறங்கும் தெரு அது, பள்ளத்தெரு என்பார்கள். அங்கே வீட்டுக்கு வீடு ஒரே வெளிர்பச்சை. ஒரு தெருவே சேர்ந்து ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்ட மாதிரி இருந்தது.

தெரு முனை டீக்கடையில் கேட்டேன். "அந்தத் தெருவா? அங்க முழங்கால் அளவுதாங்க வந்துச்சு" என்றார் கடைக்காரர்.

அவர் கடைச் சுவரில் இருந்த கோடு என் தோளைத் தொட்டது. தெருவோ அங்கிருந்து கீழே இறங்கியது. மேட்டில் தோள் அளவு நின்ற தண்ணீர் பள்ளத்தில் முழங்கால் அளவு எப்படி நிற்கும்? கிளாஸைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். கட்டுரை அந்த இடத்திலேயே செத்துப்போனது.

இனி வருவதெல்லாம் நான் கட்டியது. அந்தத் தெருவுக்குள் போய் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும், அப்புறம் நான் எதை எழுதுவது?

2

தொடக்கம் வரவே இல்லை. வராதவற்றையும் இங்கே விட்டுவைக்கிறேன், நான் பட்ட பாடு உங்களுக்கும் தெரியட்டும்.

"வானம் கிழிந்து கொட்டிய அந்த—" வேண்டாம். எத்தனை பேர்தான் வானத்தைக் கிழிப்பது.

"ஆறு தான் இழந்த பாதையைத் தேடி—" ஆறு ஒன்றையும் தேடவில்லை. மேலே அணையைத் திறந்தார்கள், கீழே தண்ணீர் வந்தது. சொல்லாமல் திறந்தார்கள் என்கிறது ஊர், சொல்லிவிட்டுத்தான் திறந்தோம் என்கிறார்கள் அணைக்காரர்கள். அந்த வழக்கு இந்தக் கதையில் தீராது.

"தையல்காரர் தன் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்." இது பரவாயில்லை. ஆனால் தையல்காரருக்கு ஒரு தெருவுக்கே அடிக்கும் அளவுக்குப் பெயிண்ட் எங்கிருந்து கிடைக்கும்? தையல் மெஷினைப் பிடுங்கிக்கொண்டு கையில் பிரஷைக் கொடுத்தேன். இவர்தான் பெயிண்டர். ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஏன் செய்துகொள்ளவில்லை என்பது இந்தக் கதைக்கு வேண்டாத வம்பு.

3

பெயிண்டருக்கு ஒரு அக்கா. புருஷனை இழந்து, கைக்குழந்தையோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். அந்தக் கைக்குழந்தைதான் பாப்பா. இப்போது வேறு ஊரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். வேலைக்குப் போன பிறகும் பேர் பாப்பாவாகவே நின்றுவிட்டது.

அக்காவுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. தம்பியைப் 'பெயிண்டரே' என்றுதான் கூப்பிடுவாள். "பெயிண்டரே, ஊர்ச் சுவரெல்லாம் அடிக்கிறீங்க, நம்ம அடுப்படி பக்கம் எப்ப வரப்போறீங்க?" அவரும் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று வருஷங்களை ஓட்டினார். வாய்க்கு இருந்த வேகம் அவள் காலுக்கு இல்லை. மூட்டு இரண்டும் போய்விட்டன. வாசல்படி இறங்குவதென்றாலே சுவரைப் பிடித்து, நின்று, மூச்சு வாங்கி இறங்குவாள்.

தண்ணீர் வந்த அன்று பெயிண்டர் மேட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வகுப்பறைகளுக்கு வெளிர்பச்சை அடித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் அக்கா போன் பண்ணினாள்.

"பெயிண்டரே, வாசல்ல தண்ணி வருது. பக்கத்து மாடிக்குப் போயிடட்டுமா?"

"உன் காலை வெச்சுக்கிட்டு அந்தப் படியில ஏறுவியா? வழுக்கி விழுந்தா யாரு பாக்கறது? கட்டில் மேல ஏறி உக்காரு. தண்ணி கட்டிலைத் தாண்டாது. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

தவறாகச் சொன்னார் என்று சொல்ல முடியுமா? அதற்கு முன் எந்த வெள்ளமும் கட்டிலைத் தாண்டியதில்லை. அவர் சொன்னது பழைய தண்ணீரின் கணக்கு.

பக்கத்து வீடு மாடி வைத்த வீடு. அந்த வீட்டம்மா படியில் நின்றுகொண்டு கத்தினாள். "வாங்க! நான் கையைப் பிடிச்சுக்கறேன்! ஒவ்வொரு படியா ஏறிடலாம்!" அக்கா ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். "தம்பி இங்கயே இருக்கச் சொல்லிட்டான். வந்து தேடுவான்."

பெயிண்டர் ஓடிவந்தார். தெரு முனை வரைக்கும்தான் வர முடிந்தது. இரண்டு பேர் அவரை இடுப்போடு கட்டிப் பிடித்து நிறுத்தினார்கள். அவர் கண் முன்னாலேயே தெரு ஆறாக ஓடியது. அவர் வீட்டு வாசல் நிலையின் மேல்சட்டத்தைத் தண்ணீர் தொட்டது.

[இதற்குப் பிறகு ஒரு பத்தி எழுதியிருந்தேன், வீட்டுக்குள். அடித்துவிட்டேன். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை, உங்களுக்கும் இருக்க வேண்டாம்.]

4

சாலை அறுந்துபோயிருந்தது, பாலம் உடைந்துகிடந்தது. பாப்பாவுக்குச் சாவுச் செய்தி மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்தது, அவளால் வந்து சேர முடியவில்லை. அவள் வருவதற்குள் எல்லாக் காரியமும் முடிந்துவிட்டது. போன் உயிர் பெற்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"மாமா, அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாளா?"

பெயிண்டர் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். பொய் சொல்லலாம் என்று அவர் திட்டம் போடவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சேச்சே, இல்ல பாப்பா. தண்ணி முழங்கால் அளவுதான். கட்டில் மேல நல்லாத்தான் உக்காந்திருந்தா. திடீர்னு நெஞ்சைப் பிடிச்சிருக்கா, அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகலையாம்."

அந்தப் பக்கம் அழுகை வந்தது. ஆனால் ஏதோ பாரம் இறங்கின அழுகை. அது அவருக்குக் கேட்டது. அந்த ஒரு அழுகைக்காகவே பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவரால் முடியாமல் போயிற்று.

மாடி வீட்டம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் பெயிண்டர் பள்ளிக்கூடத்திலிருந்து பெயிண்ட் டிரம்மை உருட்டிவந்து தன் வீட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறார். ஈரச் சுவரில் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று வேலை பழகுகிறவனுக்கே தெரியும். கொப்பளித்துக்கொண்டு வரும். அவர் அடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டை மட்டும் அடிச்சாப் போதுமா?" என்றாள் மாடி வீட்டம்மா. "எங்க வீட்டுக் கோடு அவ கண்ணுக்குத் தெரியாதா? எதிர் வீட்டுக் கோடு?"

அவ்வளவுதான். யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் சத்தியம் வாங்கவில்லை. பிரஷ் கிடைத்தவர்கள் பிரஷால் அடித்தார்கள், கிடைக்காதவர்கள் பழந்துணியை முக்கித் தேய்த்தார்கள். பாப்பா வந்து இறங்கியபோது பள்ளத்தெரு முழுக்கப் பச்சையாக இருந்தது. மூட்டை முடிச்சோடு வந்து மாமாவுக்குத் துணையாக அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். வேலைக்குப் பேருந்தில் போய்வந்தாள்.

* விவரமான வாசகர் ஒருவர் இங்கே கையைத் தூக்குவார். பரண் மேல் இருந்த துணியெல்லாம் நனைந்திருக்குமே, ஊருக்குள் மற்றக் கோடுகளைப் பார்த்திருப்பாளே, எப்படி நம்பினாள்? நானும் இதில் மாட்டிக்கொண்டு முழித்தேன். அப்புறம் சமாதானமானேன். அம்மா கஷ்டப்படாமல் போனாள் என்று ஒருவர் சொன்னால் யார் டேப் எடுத்து அளந்து பார்ப்பார்கள்? நீங்கள் பார்ப்பீர்களா?

5

இந்த இடத்தில்தான் தெரு ஒரு தப்புப் பண்ணியது. இப்படி ஒரு தப்பை அந்தத் தெருக்காரர்கள்தான் பண்ண முடியும்.

நகராட்சியிலிருந்து வெள்ளக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். ஊருக்குப் புதுசு, பாவம், சந்து பொந்து தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார். பாப்பா அன்று லீவில் இருந்தாள். "வாங்க சார், நான் காட்டறேன்" என்று வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"உங்க வீட்ல தண்ணி எவ்வளவு உசரம் வந்துச்சு?"

கதவைத் திறந்தவர் கணக்கெடுப்பவரைப் பார்ப்பார், பின்னால் நிற்கும் பாப்பாவைப் பார்ப்பார். "முழங்கால் அளவுங்க."

அடுத்த வீடு. "முழங்கால்."

சைக்கிள் கடைக்காரர் மட்டும் வாய் தவறி "இடுப்—" என்று ஆரம்பித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஒரு இருமல் இருமினாள் பாருங்கள், "இடுப்பு வலிங்க எனக்கு, தண்ணி முழங்கால்தான்" என்று முடித்தார் மனிதர். அவர்கள் வீட்டில் தண்ணீர் மின்விசிறி வரைக்கும் வந்திருந்தது.

கடைசியில் கணக்கெடுப்பவர், "கொடுத்துவெச்ச தெருங்க இது" என்றார். பாப்பா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. எழுதி முடித்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. இவர்கள் நல்லவர்களாக இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கஷ்டமே வந்திருக்காது.

6

(இந்தப் பகுதியில் கொஞ்சம் கட்டுரை வாடை அடிக்கும். செயலாளருக்காக எழுதி வைத்திருந்ததை வீணாக்க மனசு வரவில்லை.)

நகராட்சிக் கூடத்தில் திட்ட வரைபடத்தை மாட்டினார்கள். நிஜமாகவே நல்ல திட்டம். குறை சொல்வதற்கென்றே போன நானே வாயடைத்து நின்றேன். ஊர் முழுக்க ஆள் இறங்கிச் சுத்தம் செய்யத் தேவையில்லாத மூடிய வடிகால், ஆற்றங்கரையில் தண்ணீர் இறைக்கும் நிலையம், முழுகாத உயரத்துக்குத் தூக்கிய பெரிய சாலை. ஒவ்வொரு தெரு முனையிலும் ஒரு இரும்புக் கம்பம். அந்தத் தெருவில் தண்ணீர் ஏறிய உயரத்தில் அதில் சிவப்புப் பட்டை. அடுத்த தடவை எச்சரிக்கை வந்தால், பட்டையைப் பார்த்தே ஜனங்கள் மேலே போவதா இருப்பதா என்று முடிவு செய்துகொள்ளலாம்.

வரைபடத்தில் வடிகாலின் நீலக் கோடு பள்ளத்தெருவின் முனை வரை வந்து நின்றுவிட்டது.

தெருவே திரண்டு என்ஜினியர் மேஜைக்குப் போனது. பாப்பா வேலைக்குப் போயிருந்தாள். என்ஜினியர் இளவயதுப் பெண், தூக்கம் இல்லாத கண்.

"உங்க தெருவுல முழங்கால் அளவுதானே? அதுக்கு இது போதும்னு டிசைன் பண்ணியிருக்கு."

"பெரிய ரோட்டைத் தூக்கறீங்களே மேடம், அங்க விழற தண்ணியெல்லாம் எங்க வரும்?" என்றார் பெயிண்டர்.

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். "உங்க தெருவுக்குத்தான் வரும்" என்றாள். "எவ்வளவு வந்துச்சு நிஜமா?"

எல்லோரும் பெயிண்டரைப் பார்த்தார்கள்.

"இங்க பாருங்க. ஒரு தெருவே முழங்கால்னு சொல்லியிருக்கு. நானா மாத்தி எழுத முடியாது, நீங்கதான் மாத்திச் சொல்லணும். வெள்ளிக்கிழமை உங்க தெருவுல கம்பம் நட வர்றேன். நேர்ல எல்லார் முன்னாடியும் ஒருத்தர் சுவத்துல கை வெச்சு இவ்வளவுன்னு காட்டட்டும். கை வெச்ச இடத்துல சுரண்டிப் பாப்பேன். தடம் இருந்துச்சுன்னா பட்டை அங்க போடுவேன், வடிகால் உங்க தெருவுக்குள்ள வரும். இல்லன்னா ரெண்டும் முழங்கால்தான். அதுக்கப்புறம் வேலை ஆரம்பிச்சுடுவாங்க, என் கையிலயும் இருக்காது."

பாப்பாவுக்குத் தெரியாமல் காதோடு காதாகச் சொல்லி முடித்துவிட வழியே இல்லை. பட்டை தெரு முனையில் நிற்கும். தினம் காலையிலும் சாயங்காலமும் அவள் அதைத் தாண்டித்தான் பேருந்துக்குப் போய்வர வேண்டும்.

7

எனக்கு இந்த மனிதர் மேல் சந்தேகம் வர ஆரம்பித்தது. யாருக்காக மறைக்கிறார் இவர்? பாப்பாவுக்காகவா, தனக்காகவா? "பாப்பாவின் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே பெயிண்டர்—" என்று எழுதினேன், அடித்தேன். "தன் குற்றத்தை மூடி மறைக்கவே பெயிண்டர்—" என்று எழுதினேன், அதையும் அடித்தேன். இரண்டு வாக்கியமும் அவரைப் பார்த்து முறைத்தன. மாடி வீட்டம்மாவை அனுப்பிவைத்தேன். அவளுக்குக் கேட்கத் தெரியும்.

அவள் வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"என்னங்க முடிவு பண்ணியிருக்கீங்க?"

"நீங்களே காட்டிடுங்களேன். உங்க சுவர்லயும் தடம் இருக்கு."

"இருக்கு. நான் காட்டிடுவேன், எனக்கு ரெண்டு நிமிஷ வேலை. ஆனா வீட்டுக்கு உரியவர் நீங்க இருக்கும்போது நான் எப்படி அந்தப் பொண்ணு முன்னாடி கை வைப்பேன்? தெருவுல ஒருத்தரும் வைக்கமாட்டாங்க. நீங்க வெச்சா வைப்போம், நீங்க வேண்டாம்னா முழுகிட்டுப் போறோம். அப்படித்தான் பேசியிருக்கோம்."

"இப்படிச் சொன்னா நான் என்னம்மா பண்றது?"

"எங்க வீட்டுக்காவது மாடி இருக்கு. சைக்கிள் கடைக்காரர் வீட்ல என்ன இருக்கு? அவர் மருமக முழுகாம இருக்கா, தெரியுமில்ல? அடுத்த மழைக்குக் கைக்குழந்தையோட எங்க போய் ஏறுவா?"

பெயிண்டர் சுவரில் சாய்ந்தார். "தண்ணி உசரத்தை மட்டும் சொன்னா விட்டுடுவாளா அவ? மாடிக்கு ஏன் போகலைன்னு கேப்பா. யாரு இருக்கச் சொன்னாங்கன்னு கேப்பா."

மாடி வீட்டம்மா தன் வீட்டுப் படியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நான் இறங்கி வந்து இழுத்துட்டுப் போயிருக்கணும்" என்றாள். "அவங்க வரலைன்னா என்ன? இழுத்துட்டுப் போயிருக்கணும். தினமும் இதைத்தான் நினைச்சுக்கறேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். இந்த வாக்கியத்தை அவளுக்கு நான் எழுதிக் கொடுக்கவில்லை. போகும்போது அவளாகத்தான் சொன்னாள்.

8

செயலாளர் போன் பண்ணினார். "என்ன சார், கட்டுரை? அச்சகத்துல காத்துக்கிட்டிருக்காங்க."

"கதையாப் போயிடுச்சுங்க."

"கதையா? சரி, பரவாயில்ல. ஆனா நல்லவிதமா முடிங்க. விழா மலர் பாருங்க."

அவருக்காக ஒரு முடிவு செய்து பார்த்தேன். பெயிண்டர் உண்மையைச் சொல்கிறார், பாப்பா "மாமா!" என்று கட்டிக்கொள்கிறாள், வடிகால் வருகிறது, ரிப்பன் வெட்டுகிறார்கள். படித்துப் பார்த்தேன். எனக்கே காது கூசியது.

இன்னொன்று செய்தேன். மழை வருகிறது. ஈரத்தில் அடித்த பெயிண்ட் தானாகவே பொருக்குத் தட்டி உதிர்கிறது, தெரு முழுக்கக் கோடு வெளியே வருகிறது, பாப்பா பார்த்துவிடுகிறாள். ஒருத்தரும் வாய் திறக்கத் தேவையில்லை. இது பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சுவரைப் பேசவிட்டுப் பெயிண்டரைத் தப்பிக்க வைப்பதில் என்ன நியாயம்? அதோடு வெயில் காலத்தில் சுவர் காய்ந்ததும் அவர் பொருக்கை மட்டும் தட்டிவிட்டு, கோட்டைச் சுரண்டாமல், முழுத் தெருவுக்கும் இன்னொரு தடவை அடித்துவிட்டார். இந்தத் தடவை வேலை சுத்தம், எளிதில் உதிராது.

மூன்றாவது, நீங்கள் எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது. பாப்பாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். மாமாவுக்காக அவளும் தெரியாத மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் "எனக்குத் தெரியும் மாமா" என்கிறாள். எனக்கும் இதன் மேல் ஆசைதான், மறைக்கவில்லை. இரண்டு நாள் அவளை அந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தேன். அசையவே இல்லை. அவளுக்குத் தெரியாது. அவள் நம்புகிறாள். அதை வைத்துத்தான் காலையில் எழுந்திருக்கிறாள், தலை சீவுகிறாள், பேருந்து ஏறுகிறாள்.

9

வெள்ளிக்கிழமை. கம்பத்துக்குக் குழி தோண்டி வைத்திருந்தார்கள். என்ஜினியர் சுரண்டும் தகட்டோடு வந்து நின்றாள். தெரு ஆட்கள் எல்லோரும் அவரவர் வாசலில் நின்றார்கள். பெயிண்டர் மட்டும் தன் வீட்டு வெளிச்சுவர் ஓரமாக நின்றார்.

பாப்பா வேலைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துத்தான் அவர் வந்து நின்றார். பட்டை போட்ட பிறகு, சாயங்காலம் தனியாக உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லலாம் என்று இருந்தார். அதற்கான வார்த்தைகளைக்கூட ராத்திரியெல்லாம் அடுக்கி வைத்திருந்தார். ஆனால் தெரு முனையில் பேருந்துக்காக நின்றவள் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்துவந்தாள்.

"என்ன மேடம், ஏதாவது பிரச்சினையா?"

"உங்க தெருவுல முழங்கால் அளவு இல்ல, அதுக்கு மேலன்னு சொல்றாங்க. அதான் பாக்க வந்தேன்."

பாப்பா திரும்பித் தெருவைப் பார்த்தாள். வீடு வீடாகப் பார்த்தாள். சைக்கிள் கடைக்காரர் தலையைக் குனிந்தார்.

"யாரு சொன்னது? நான்தானே மேடம் கணக்கெடுக்க வந்தவரோட வீடு வீடாப் போனேன். ஒருத்தர் விடாம முழங்கால்னுதான் சொன்னாங்க. எங்கம்மா கட்டில்ல உக்காந்திருந்தா, அவ பாதம்கூட நனையல." அவள் குரல் உயர்ந்தது. "வடிகால் வேணும்னா கேளுங்க, நானும் வந்து சண்டை போடறேன். அதுக்காக இப்படிப் பொய் சொல்லணுமா? அந்தத் தண்ணியில ஒரு சாவு விழுந்திருக்குன்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு? அதை வெச்சு ஏமாத்தணுமா?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாடி வீட்டம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். முதல் பொய்யைச் சொன்னவரை விட்டுவிட்டுத் தெருவையே பொய்யர்கள் என்று ஒரு பெண் திட்டுவதை அத்தனை பேரும் பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தர்கூட, ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

பெயிண்டருக்குத் தாங்கவில்லை. எது தாங்கவில்லை என்று கேட்டால் எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அக்கா போனதைத் தாங்கியிருந்தார், பொய்யைத் தாங்கியிருந்தார். இந்த மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை போலிருக்கிறது.

"நீங்களே சொல்லுங்க மாமா" என்றாள் பாப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அவரை நம்பித்தான் வந்து நின்றாள். "எவ்வளவுன்னு இந்த மேடத்துக்குக் காட்டுங்க."

அவர் குனிந்தார். முழங்காலுக்கு நேராகச் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"பாத்தீங்களா?" என்றாள் பாப்பா, என்ஜினியரிடம்.

கை அங்கே நிற்கவில்லை. சுவரிலிருந்து எடுக்காமல், தேய்த்தபடியே மேலே நகர்ந்தது.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். இனிமேல் உங்கள் பொறுப்பு. நான் ஓடிப்போகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அது ஓரளவு நிஜம்தான். கை இப்போது கட்டில் உயரத்துக்கு வந்திருக்கிறது. முழங்காலுக்கு மேல் ஒரு சாண்கூட இருக்காது. இங்கே நின்றுவிட்டால், தண்ணீர் கட்டிலைத் தாண்டாது என்று அவர் சொன்னது சொன்னபடியே இருக்கும். அவர் சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தவள் பாதம் நனையாமல் உட்கார்ந்தே இருப்பாள். சிவப்புப் பட்டை கீழேயே விழும். அடுத்த மழைக்கு அதைப் பார்த்துவிட்டு, கட்டில் போதும் என்று இன்னொருவர் இருந்துவிடுவார்.

கை அங்கே கொஞ்சம் தயங்குகிறது. பாப்பா இன்னும் என்ஜினியரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், மாமாவின் கையைப் பார்க்கவில்லை.

நிறுத்துவதென்றால், அவள் திரும்புவதற்குள் நிறுத்திவிடுங்கள்.